இழுதிறனும் தாங்குதிறனும்

ஓர் உந்து எவ்வளவு எடையை இழுக்கும் என்பது ஒரு வினா. எவ்வளவு எடையைத் தன்மேல் தாங்கும் என்பது வேறொரு வினா. அமெரிக்க நாட்டில் பயண டிரெய்லர் வாங்குவோர் பலர் முதல் வினாவுக்கு மட்டும் விடை தேடி நிறைவடைகின்றனர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளியலறை எனக் குடும்பத்துக்கு வேண்டியவை அனைத்தும் அடங்கிய சக்கர வீடே பயண டிரெய்லர். அதனை இடைத்தரப் பிக்கப் வண்டியுடன் இணைக்கும்போது, மறந்துவிட்ட இரண்டாம் வினாவே முதலில் குறுக்கே நிற்கிறது.

விளம்பரத்தில் நிற்கும் எண்

இடைத்தரப் பிக்கப்பான 2024ஆம் ஆண்டு ஃபோர்டு ரேஞ்சர், உரிய இழுவைக் கருவிகள் பொருத்தப்பட்டால் 7,500 பவுண்டு வரை இழுக்கும். அஃதாவது ஏறத்தாழ 3,400 கிலோ. செவ்ரோலே கொலராடோவின் உச்சம் 7,700 பவுண்டு. டொயோட்டா டகோமாவுக்கு 6,500. ஹோண்டா ரிட்ஜ்லைனுக்கு 5,000.

இவ்வெண்கள் வெறும் வாய்ச்சொல் அல்ல. உந்துப் பொறியாளர் கழகமாகிய எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்னும் தரநெறியே இத்தகைய எண்களுக்குப் பொதுவான அடிப்படை. அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணையை அடுத்துள்ள நெடுஞ்சாலை, 11.4 மைல் தொலைவுக்குள் ஏறத்தாழ 900 மீட்டர் உயர்கிறது. 38 பாகை செல்சியசுக்குக் குறையாத வெயிலில், குளிர்பதனியை முழு விசையில் ஓடவிட்டபடி, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் வண்டி அவ்வேற்றத்தைக் கடந்தாக வேண்டும். 12 விழுக்காட்டுச் சரிவில் நின்ற நிலையிலிருந்து மீண்டும் மீண்டும் புறப்பட்டுக் காட்டவும் வேண்டும்.

கடுமையான தேர்வுதான். ஆயினும் தேர்வின்போது வண்டிக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுவோர் இருவர் மட்டுமே; ஒருவருக்கு 150 பவுண்டு, அஃதாவது 68 கிலோ. பின்னிருக்கையில் பிள்ளைகள் இல்லை. சரக்குத் தட்டில் விறகும் மிதிவண்டியும் இல்லை. குடும்பம் ஏறி அமர்ந்ததும் அவ்வெண்ணின் பொருளே மாறிவிடுகிறது.

கதவோரப் பட்டை சொல்லும் எண்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தை ஒட்டி ஒரு பட்டை தெரியும். வண்டியில் ஏறும் ஆட்களும் சரக்கும் சேர்ந்து எந்த எடையைத் தாண்டக்கூடாது என்பதை அது கூறும். அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி ஒட்டப்படும் இப்பட்டையின் எண்ணே தாங்குதிறன். ஒரே பெயர் கொண்ட இரு வண்டிகளில்கூட இது வேறுபடலாம். நாற்கதவு அறை, நாற்சக்கர இயக்கம், கண்ணாடிக் கூரை என வசதிகள் கூடக்கூட வண்டியின் சொந்த எடை ஏறும், தாங்குதிறன் இறங்கும்.

டிரெய்லரின் எடை முழுவதையும் அதன் சக்கரங்கள் சுமப்பதில்லை. அதன் முன்முனை, வண்டியின் கொக்கியை ஒரு பகுதி எடையால் அழுத்துகிறது. இதைக் கொக்கிப்பளு என்போம். அமெரிக்கப் பயண டிரெய்லர்களில் இது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும். இப்பளு, வண்டியில் ஏறிய மற்றுமோர் ஆளைப் போலவே தாங்குதிறன் கணக்கில் சேரும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 3,400 கிலோ இழுக்கவல்ல ஒரு வண்டியின் பட்டையில் 600 கிலோ என்று இருப்பதாகக் கொள்வோம். பெற்றோர் இருவர் 150 கிலோ. பிள்ளைகள் இருவர் 70 கிலோ. தட்டில் ஏற்றிய பொருள்கள் 80 கிலோ. இணைப்புக் கருவி 40 கிலோ. இவை 340 கிலோ ஆகின்றன. கொக்கிப்பளுவுக்கு எஞ்சுவது 260 கிலோ. அது 13 விழுக்காடு எனின், டிரெய்லரின் மொத்த எடை 2,000 கிலோவே இருக்கலாம். மாறாக 3,400 கிலோ டிரெய்லரையே கட்டினால் கொக்கிப்பளு மட்டும் 442 கிலோ. வண்டி தாங்க வேண்டியது 782 கிலோ. ஆக, இழுக்கும் ஆற்றலில் கணிசமான பகுதி பயன்படாமல் நிற்கும்போதே, தாங்கும் ஆற்றல் தீர்ந்துபோகிறது.

இந்த 2,000 கிலோவும் பொருள்கள் நிறைந்த டிரெய்லரின் எடை. விற்பனை ஏட்டில் காணும் வெற்றெடையில் தண்ணீரும் உணவும் துணிமணியும் அடங்கா. 40 காலன் தொட்டி நிரம்பினால் தண்ணீரே 150 கிலோ. எரிவாயு உருளைகளும் மின்கலமும் பெரும்பாலும் முன்முனையிலேயே அமைவதால், அவை கொக்கிப்பளுவை நேரே உயர்த்துகின்றன. பொருள்களுக்கென 400 கிலோ ஒதுக்கினால், தேடத்தக்க டிரெய்லரின் வெற்றெடை 1,600 கிலோ.

நெம்புகோலின் வேலை

கொக்கி பின்னச்சுக்கும் பின்னால் நீண்டிருப்பதால் மற்றொரு விளைவும் உண்டு. கிணற்று ஏற்றத்தில் துலாவின் ஒரு தலை தாழ மறுதலை உயர்வது போல, பின்னச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு வண்டியின் முன்புறம் மேலெழுகிறது. அச்சுகளுக்கு இடையே 3.3 மீட்டரும், பின்னச்சிலிருந்து கொக்கி வரை 1.3 மீட்டரும் எனக் கொள்வோம். 280 கிலோ கொக்கிப்பளு முன்னச்சிலிருந்து 110 கிலோவை எடுத்துவிடும். பின்னச்சின்மேல் 390 கிலோவை ஏற்றிவிடும். திருப்புவதும் பெருமளவு தடுப்பதும் முன்சக்கரங்களின் பணி. அவற்றின் பிடி தளர்வது இடர்.

எடையைப் பகிரும் கொக்கி இக்குறையைப் பெரிதும் சரிசெய்கிறது. அதன் வில்தண்டுகள் முறுக்குவிசையால் எடையின் ஒரு பகுதியை முன்னச்சுக்கும், ஒரு சிறு பகுதியை டிரெய்லரின் அச்சுக்கும் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் பட்டை விதித்த தாங்குதிறனை எந்தக் கொக்கியாலும் உயர்த்த இயலாது.

காற்றும் உயரமும்

ஏற்றத்தில் எடை பகையெனின், சமவெளியில் காற்றே பகை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கும், அதனை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் வளரும். மணிக்கு 90 கி.மீ. என்பதை 108 ஆக உயர்த்தினால் வேகம் 20 விழுக்காடே கூடுகிறது. எதிர்ப்போ 44 விழுக்காடும், தேவைத்திறன் ஏறத்தாழ 73 விழுக்காடும் கூடுகின்றன. எட்டடி அகல டிரெய்லரின் நிமிர்ந்த முகப்பு, பிக்கப்பின் கூரையையும் மீறி எழுந்து நிற்கிறது. ஒரே எடையுள்ள தாழ்ந்த படகும் உயர்ந்த டிரெய்லரும் பொறிக்கு ஒரே சுமையாக இராமைக்கு இதுவே காரணம். சில நிறுவனங்களின் கையேடுகள் முகப்பின் பரப்புக்கும் வரம்பு கட்டுகின்றன.

கொலராடோ மாநிலத்தின் ஐசனாவர் சுரங்கச் சாலை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடே. அழுத்தூட்டி இல்லாத பொறி அதற்கேற்பத் தன் திறனை இழக்கும். டர்போ பூட்டிய பொறி அவ்விழப்பைப் பெரிதும் ஈடுசெய்யும்.

இறக்கமும் எளிதன்று. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 4,400 கிலோ எடையுள்ள தொடர் 900 மீட்டர் கீழிறங்கும்போது ஏறத்தாழ 39 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. அதனைத் தடுப்பான்கள் மட்டுமே வெப்பமாக ஏற்றால் அவை காய்ந்து பிடி தளரும். தாழ்ந்த கியரில் பொறியின் எதிர்ப்பையும், டிரெய்லரின் சொந்த மின்தடுப்பான்களையும் துணைகொள்வதே முறை.

ஊசலாட்டம்

பெருஞ்சரக்குந்து ஒன்று கடந்து செல்லும்போது எழும் காற்று, டிரெய்லரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. வேகம் குறைவாயின் டயர்களின் பக்கவிசை அவ்வசைவை அடக்கிவிடும். வேகம் ஏறஏற அவ்வடக்கம் குறையும். ஒரு மாறுநிலை வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். டிரெய்லரின் சுழற்சி நிலைமம், கொக்கிப்பளு, அச்சு அமைந்த இடம் ஆகியவை டிரெய்லரின் நிலைத்தன்மையை வலுவாக மாற்றுவதை இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் ஆய்வால் காட்டினர்.

ஆகவே தாங்குதிறனை மிச்சப்படுத்துவதற்காகக் கனமான பொருள்களை டிரெய்லரின் பின்கோடிக்கு நகர்த்துவது தீங்கான தீர்வு. கொக்கிப்பளு குறையும், ஆட்டம் எளிதில் பிறக்கும். ஆட்டம் தொடங்கிவிட்டால் திருப்புவட்டைப் பிடித்து மல்லுக்கட்டாமல், விசைமிதியைத் தளர்த்தி, டிரெய்லரின் தடுப்பான்களை மட்டும் கையால் இயக்க வேண்டும். கலிபோர்னியா மாநிலம் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு மணிக்கு 55 மைல் என வரம்பு விதித்திருப்பது தக்கதே.

வாங்குவோர் செய்யத்தக்கது

முதலில் கதவோரப் பட்டையைப் படியுங்கள். ஆட்களையும் பொருள்களையும் கழித்து எஞ்சுவதை 0.13 ஆல் வகுத்து, டிரெய்லரின் நிறை எடையை அறியுங்கள். கொக்கி, பின்னச்சு, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டெடை ஆகியவற்றின் வரம்புகளையும் பார்த்து, அனைத்திலும் சிறியதையே ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னர்ப் பயணத்துக்கு ஆயத்தமான நிலையில், நெடுஞ்சாலையோரச் சரக்குந்து நிலையங்களில் உள்ள எடைமேடையில் வண்டியையும் டிரெய்லரையும் ஏற்றுங்கள். முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு என மூன்று எடைகளையும் அது தனித்தனியே சீட்டில் தரும். விற்பனையாளர் சொல்லும் இழுதிறனை நம்பி முன்பணம் செலுத்துவதற்கு முன், இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.