நரம்பு அறுந்த பின்னும் ஓடும் இதயம்

1985-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் ஒருவரின் மார்புக்குள் துடித்தது வேறொருவரின் இதயம். மாற்று இதயத்தோடு 42 கிலோமீட்டரைக் கடந்த அந்த ஓட்டத்தை மருத்துவ இதழ் ஒன்று மறு ஆண்டே தனிக் கட்டுரையாக வெளியிட்டது. 2008-ல் கனடாவின் டுவைட் க்ரோனிங் இன்னும் ஒரு படி மேலே போனார். இதயம் மாற்றி 22 ஆண்டுகள் கழித்து அயர்ன்மேன் போட்டியில் இறங்கி, 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மாரத்தான் என்று மூன்றையும் முடித்தார். இவர்களின் மன உறுதி பெரிது. ஆனால் அதைவிடப் பெரிய வியப்பு ஒன்று உண்டு: மூளையோடு நரம்புத் தொடர்பு அறுந்த ஓர் இதயம் ஓடுவது எப்படி?

இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. வலது மேலறைச் சுவரில் உள்ள சைனஸ் கணு என்ற சிறு திசு தானாகவே மின்துடிப்பை எழுப்புகிறது. அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி 70 என்று காட்டுகிறதே, அதற்குக் காரணம் மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு அந்தக் கணுவை ஓயாமல் அடக்கி வைத்திருப்பதுதான். ஓடத் தொடங்கியதும் வேகஸ் பிடியைத் தளர்த்துகிறது. சில நொடிகளில் நாடி எகிறுகிறது. பின்னாலேயே பரிவு நரம்புகள் வந்து இதயத்தை மேலும் முடுக்கிவிடுகின்றன.

இதய மாற்று அறுவை சிகிச்சையில் பெரிய ரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கலாம். அறுபட்ட நரம்புகளை இணைக்க முடியாது. அதனால் மாற்று இதயம் அடக்குவாரின்றி, ஓய்வில்கூட நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடித்துக்கொண்டே இருக்கும். அந்த இதயத்தைப் பெற்றவர் ஓடத் தொடங்கினாலும் முதல் சில நிமிடங்களுக்கு அந்த எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை.

அப்படியானால் கால் தசைகள் கேட்கும் ரத்தம் எங்கிருந்து வரும்? முதல் உதவி கால்களிலிருந்தே வருகிறது. ஓடும் தசைகள் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. கூடுதல் ரத்தம் நிரம்பியதும் இதயச் சுவர் விரிகிறது. விரிந்த அளவுக்கு வலுவாகச் சுருங்கி, ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தை வெளியேற்றுகிறது. ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதி என்று உடலியங்கியல் பாடத்தில் வருவது இதுதான். இரண்டாவது உதவி சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளிடமிருந்து. அவை சுரக்கும் அட்ரீனலின் ரத்தத்தில் கலந்து இதயத்தை அடைந்த பிறகே நாடி ஏறுகிறது. தொலைபேசியில் நொடியில் வந்த உத்தரவு இப்போது தபாலில் வருகிறது. ஓட்டத்தை நிறுத்திய பிறகும் அட்ரீனலின் ரத்தத்தில் மிச்சமிருப்பதால் நாடி உடனே இறங்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல, சிலருக்கு நரம்பிழைகள் ஓரளவு மீண்டும் வளர்வதும் உண்டு.

இதனால் இவர்களின் பயிற்சி முறையே வேறு. மெதுவாக நடந்து உடலைச் சூடாக்க நீண்ட நேரம் வேண்டும். முடிக்கும்போதும் படிப்படியாகவே வேகத்தைக் குறைக்க வேண்டும். நாடியை மட்டும் நம்ப முடியாததால், ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோல் கைகொடுக்கிறது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதை ஓடுபவரே ஓர் எண்ணாகச் சொல்வார். இன்னொரு கவனமும் தேவை. நரம்பு இல்லாத இதயம் ரத்தம் போதாமல் தவித்தாலும் நெஞ்சுவலியாக அதைத் தெரிவிக்காமல் போகலாம்.

இதய நோயாளி அசையவே கூடாது என்று மருத்துவமே சொன்ன காலம் ஒன்று இருந்தது. மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்திருந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்ததே அன்று துணிச்சலான காரியம். 1973-ல் டொரண்டோ மருத்துவர் டெரன்ஸ் கவனா, மாரடைப்பிலிருந்து மீண்ட தம் நோயாளிகளை பாஸ்டன் மாரத்தானுக்கே அழைத்துப் போனார். பிறகு அவரும் லண்டன் ஹேர்ஃபீல்ட் மருத்துவமனையின் அறுவை நிபுணர் மக்தி யாகூபும் மாற்று இதயம் பெற்ற 36 ஆண்களுக்கு நடை, மெல்லோட்டப் பயிற்சி கொடுத்து, அவர்களின் உடல்திறன் தெளிவாக உயர்ந்ததை 1988-ல் வெளியிட்டார்கள்.

யாகூப் வகித்த பேராசிரியர் பதவிக்குப் பணம் தந்தது 1961-ல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன். அது மக்கள் தரும் நன்கொடையில் நடக்கும் அமைப்பு. அந்த நன்கொடையில் ஒரு பங்கு ஓட்டப் பந்தயங்களிலும் லண்டன்–பிரைட்டன் சைக்கிள் பயணத்திலும் சேர்வது. 1981-ல் பிறந்த லண்டன் மாரத்தானில் ஓடியவர்கள் இதுவரை பல அறப்பணிகளுக்கும் சேர்த்து 100 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டியிருக்கிறார்கள். தொண்டு அமைப்பு பந்தயத்தில் ஓட ஓர் இடத்தை வாங்கித் தரும். ஓடுபவர் இவ்வளவு தொகை திரட்டுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு உறவினர், நண்பர், அலுவலகத் தோழர் எல்லோரிடமும் கை நீட்டுவார். இதய நோயிலிருந்து மீண்டவர்களும் தங்களைக் காப்பாற்றிய ஆராய்ச்சிக்காக இப்படி ஓடுகிறார்கள்.

ஆனால் ஓடாமலே கேட்டால் ஏன் கொடுப்பதில்லை? கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சுகமான பிக்னிக் மூலம் நிதி திரட்டுவதைவிட, வருந்தி ஓடித் திரட்டுவதற்கே மக்கள் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். தீச்சட்டி ஏந்துவதையும் பாதயாத்திரையையும் அறிந்த நமக்கு இது புதிதல்ல. வருத்திக்கொண்டு செய்வதற்கு மனம் கூடுதல் மதிப்புத் தருகிறது.

சிக்கலும் இங்கேதான். கொடுப்பவரின் மனம் வேதனையைப் பார்க்க விரும்புகிறது. இதய நோயாளியின் உடலோ நிதானத்தைக் கேட்கிறது. இதயத் தசை தடித்தவர்களுக்கும் இதயத் தசை அழற்சி ஆறாதவர்களுக்கும் கடும் ஓட்டம் உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லா இதய நோயும் ஒன்றல்ல. எக்கோ, ட்ரெட்மில் சோதனைகளைப் பார்த்து இதய மருத்துவர் சொல்லும் எல்லையே எல்லை. மயக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால் நன்கொடைக் கணக்கை மறந்துவிட்டு நிற்க வேண்டும்.

எனவே, அப்படி ஒருவர் உங்களிடம் நன்கொடை கேட்டு வந்தால், எத்தனை மணி நேரத்தில் ஓடி முடிப்பாய் என்று கேட்காதீர்கள். நடந்தே முடித்தாலும், பாதியில் நின்றாலும், சொன்ன தொகையைக் கொடுங்கள்.