வராத விளையாட்டுக்கு முன்பணம்

நம் சங்க இதழில் விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், கபடியைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ என்று அன்பர்கள் நினைத்துவிட வேண்டாம். இது தொலைக்காட்சிப் பெட்டியிலும் கணினியிலும் பிள்ளைகள் ஆடும் வீடியோ கேம் சமாசாரம். எழுபதைத் தாண்டியவருக்கு இதில் என்ன வேலை என்று என் இல்லத்தரசியே கேட்டுவிட்டாள். வேலை பேரன் வழியாக வந்தது.

பேரனுக்குப் பதினைந்து வயது. பத்மாராவ் நகரில் எங்களோடுதான் இருக்கிறான். வீட்டில் தமிழ், வாசலில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம், மைதானத்தில் ஹைதராபாத் இந்தி என்று நான்கு மொழி பேசும் நம் வீட்டுப் பிள்ளைகளில் அவனும் ஒருவன். பிறந்த நாளுக்கும் பொங்கலுக்கும் திருச்சியிலிருந்து அத்தையும் பெரியப்பாவும் கொடுத்த பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தான். சென்ற ஆண்டு அது ஐயாயிரத்தைத் தொட்டது. தொட்ட மறுநாளே கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்துப் பரிசு அட்டைகள் வாங்கி, அவற்றின் எண்களை ஓர் இணையக் கடையில் ஏற்றி, மூன்று மாதத்தில் வெளிவரும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு விளையாட்டுக்கு 4,999 ரூபாய் கட்டி முன்பதிவு செய்துவிட்டான். விளையாட்டின் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டாம். தட்டில் வைத்துத் தரும் பொருள் அல்ல அது. இணையம் வழியாக இறக்கிக்கொள்வது.

மூன்று மாதம் ஆயிற்று. விளையாட்டு வரவில்லை. "தரத்தை மேம்படுத்துவதற்காக" என்று ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த தேதிக்கும் அதே அறிவிப்பு, சற்று வேறு வார்த்தைகளில். இதற்கிடையில் பள்ளியில் ஹம்பி சுற்றுலா அறிவித்தார்கள். அவன் அப்பா முன்பே சொல்லியிருந்தார், சுற்றுலாச் செலவில் பாதி உன் சேமிப்பிலிருந்து என்று. பையன் முன்பதிவை ரத்து செய்தான். பணம் திரும்பி வந்தது. ஆனால் அவன் கைக்கு வரவில்லை. அந்தக் கடையின் கணக்கிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. பரிசு அட்டையால் கட்டிய பணம் அப்படித்தானாம். அதை வைத்து இன்னொரு விளையாட்டு வாங்கலாம், ஹம்பிக்குப் போக முடியாது.

நான் தருகிறேன் என்றேன். மருமகள், "மாமா, நீங்க குடுத்தா அவனுக்குத் தெரியாமலே போயிடும்" என்றாள். அவள் சொன்னது சரி என்று பட்டாலும் அந்த மூன்று நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வகுப்பில் எல்லோரும் கல்ரதத்தின் முன் நின்று எடுத்துக்கொண்ட படத்தைப் பையன் எனக்குக் காட்டினான். காட்டிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சென்ற மாதம் வேறொரு விளையாட்டுக்கு முன்பதிவு தொடங்கியது. "பணம் அங்கேதானே கிடக்கிறது தாத்தா, கட்டிவிடட்டுமா?" என்று கேட்டான். கிடக்கிற பணம்தானே, கட்டட்டும் என்றார் என் மகன். நான் வேண்டாம் என்றேன். "ஏன் என்று காரணம் சொல்லுங்கள்" என்றான் பேரன். நியாயமான கேள்வி. காரணம் தேடப் புறப்பட்டேன். பாதிக்கு மேல் அவனே எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

முன்பணம் கட்டுவது என் தலைமுறைக்குப் புதிதல்ல. ரயில்வே வேலையில் செகந்திராபாத்துக்கு வந்த புதிதில், 1978-இல், ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தேன். வந்து சேர்ந்தது 1985-இல். பதிவு செய்தபோது பிறக்காத மகன், வண்டி வந்தபோது அதன் முன்னால் நின்றுகொண்டு மாரேட்பள்ளி வரை வந்தான். தொலைபேசிக்கும் அப்படி, சமையல் எரிவாயுவுக்கும் அப்படி. 1983-இல் மாருதி காருக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்தவர்கள் லட்சத்துக்கும் மேல். 2009-இல் டாட்டா நானோவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்ய, முதல் ஒரு லட்சம் வண்டிகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் உலகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பிளேஸ்டேஷன் 5 என்ற விளையாட்டுப் பெட்டி 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி இந்தியாவுக்கு வந்தது. ஜனவரி 12-ஆம் தேதி பகலில் முன்பதிவு திறந்தார்கள். சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிட்டது. செகந்திராபாத் பார்க் லேனில் இருக்கும் செனாய் டிரேட் சென்டரில் கடை கடையாக விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய அப்பாக்களில் என் மகனும் ஒருவர்.

இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று, பொருள் குறைவு, ஆள் அதிகம். அதனால் வரிசை. வரிசையில் இடம்பிடிக்க முன்பணம். ஸ்கூட்டர் பதிவுச் சீட்டில் இருந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருந்தது.

இணையத்தில் இறக்கிக்கொள்ளும் விளையாட்டுக்கு எங்கே வரிசை? அது மணிமேகலை கையில் இருந்த அமுதசுரபி அல்லவா? முதல் ஆளுக்கு எடுத்தாலும் கோடியாவது ஆளுக்கு எடுத்தாலும் குறையாது. இதைப் பேரனிடம் சொன்னபோது, "அப்படியானால் சில்க்சாங் கதையைக் கேளுங்கள்" என்றான். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் மிகச் சிறிய நிறுவனம் ஒன்று 'ஹாலோ நைட்: சில்க்சாங்' என்ற விளையாட்டை 2019 பிப்ரவரியில் அறிவித்தது. ஆறரை ஆண்டு இழுத்தடித்து 2025 செப்டம்பர் 4-ஆம் தேதிதான் வெளியிட்டது. முன்பதிவே கிடையாது. வெளியான நேரத்தில் உலகம் முழுவதும் மக்கள் ஒரே சமயத்தில் வாங்க முண்டியடித்ததில் பெரிய பெரிய இணையக் கடைகளே சற்று நேரம் திணறின. அன்று மாலைக்குள் வேண்டியவர்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டது. ஆறரை ஆண்டில் யாருடைய ஒரு ரூபாயும் முடங்கவில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 'வேம்பயர்: த மாஸ்கரேட் - பிளட்லைன்ஸ் 2' என்று ஒன்று. 2019 மார்ச்சில் அறிவித்த அன்றே முன்பதிவையும் திறந்தார்கள், அடுத்த ஆண்டு வரும் என்று. வரவில்லை. 2021 பிப்ரவரியில் அதைச் செய்துகொண்டிருந்த நிறுவனத்தையே மாற்றிவிட்டு முன்பதிவையும் நிறுத்தினார்கள். வேறொரு நிறுவனம் முடித்துக் கொடுத்து வெளிவந்தது 2025 அக்டோபர் 21-ஆம் தேதி. என் ஸ்கூட்டர் காலம்தான், ஏறக்குறைய.

தாமதம் ஆனாலும் ஒழுங்காக வந்தால் போதும் என்கிறீர்களா? 'சைபர்பங்க் 2077' தேதிகளைப் பேரன் மனப்பாடமாகச் சொல்கிறான். 2020 ஏப்ரல் 16, பிறகு செப்டம்பர் 17, பிறகு நவம்பர் 19, கடைசியில் டிசம்பர் 10. முன்பதிவு செய்தவர்கள் மட்டும் 80 லட்சம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. வந்தபோது பழைய விளையாட்டுப் பெட்டிகளில் ஓடவே மறுத்தது. ஒரே வாரத்தில் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பியது. மீண்டும் கடையில் வைத்தது 2021 ஜூனில்தான். பின்னர் திருத்தித் திருத்தி நல்ல விளையாட்டாக்கிவிட்டார்கள். பொறுமையாகக் காத்திருந்தவர்கள் நல்ல சரக்கைக் குறைந்த விலையில் வாங்கினார்கள். முந்திக்கொண்டு முழு விலை கொடுத்தவர்கள்தான் கரடுமுரடான சரக்கை முதலில் சோதித்துப் பார்த்தவர்கள்!

தாமதத்தையே குற்றமாக நான் சொல்லவில்லை. வேகாத சோற்றை இறக்குவதைவிட இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் வைப்பது மேல். 'ஜிடிஏ 6' முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், 2025 நவம்பரில் அதை 2026 நவம்பர் 19-க்குத் தள்ளினார்கள். தள்ளட்டும். அவர்கள் அடுப்புக்கு நம் வீட்டு விறகு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

"அப்படியானால் ஏன் தாத்தா முன்பதிவு கேட்கிறார்கள்?" இதற்கும் அவனே பதில் வைத்திருந்தான். கதாநாயகனுக்கு ஒரு தனிச் சட்டை, ஒரு தங்க வாள், விலை கூடிய பதிப்பு வாங்கினால் மூன்று நாள் முன்னதாக ஆடும் உரிமை. இல்லாத வரிசையை இவற்றைக் கொண்டுதான் உண்டாக்குகிறார்கள். வகுப்பில் மற்றவன் வாளோடு நிற்கும்போது இவன் வாளில்லாமல் நிற்க வேண்டுமே! பதினைந்து வயதில் அது சின்ன விஷயம் இல்லை. நமக்கும் கல்யாண வீட்டில் முதல் பந்தி என்றால் ஓர் ஆசை உண்டே.

ஆனாலும் கட்டியே தீருவேன் என்கிற பிள்ளை உள்ள வீடுகளுக்குச் சில விவரங்கள். எல்லாக் கடையும் ஒரே மாதிரி இல்லை. கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் கடையில், வெளியாகும் வரை எப்போது வேண்டுமானாலும் முன்பதிவை ரத்து செய்யலாம். வெளியான பிறகும் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷனில், இறக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டால் வழக்கு பலவீனமாகிவிடும். ஆகவே தானாக இறங்கும் வசதியை அணைத்து வைப்பது நல்லது. தேதியே இல்லாமல் ஒத்திப்போட்டால் கடையே பணத்தைத் திருப்புவதும் உண்டு. 2020 ஏப்ரலில் 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்குச் சோனி அப்படித்தான் செய்தது. இவை மாறக்கூடிய விதிகள். கட்டும் முன் அன்றைய விதியைப் படித்துவிடுங்கள். எந்த வழியில் கட்டினோமோ அந்த வழியில்தான் பெரும்பாலும் பணம் திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்பாவின் வங்கி அட்டையில் கட்டியிருந்தால் எங்கள் வீட்டுப் பணம் வங்கிக்கே வந்திருக்கும். பையனும் ஹம்பி பார்த்திருப்பான். தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும்.

பையனிடம் ஒரு விஷயத்தில் நான் தோற்றதையும் சொல்ல வேண்டும். "யாருமே முன்பணம் தராவிட்டால் சின்னக் கம்பெனி எப்படிப் பிழைக்கும்?" என்றான். புனேயில் சில இளைஞர்கள் நம் புராணத்தை வைத்து 'ராஜி' என்று ஒரு விளையாட்டு செய்தார்கள். 2017-இல் பொதுமக்களிடம் முன்கூட்டியே நிதி கேட்டுப் பார்த்தார்கள். கேட்ட தொகை சேரவில்லை. எப்படியோ தாக்குப்பிடித்து 2020-இல் வெளியிட்டார்கள். மேலே சொன்ன ஹாலோ நைட்டின் முதல் விளையாட்டும் 2014-இல் அப்படி நிதி திரட்டிப் பிறந்ததுதான். அங்கே கொடுப்பது விலை அல்ல, கோயில் திருப்பணிக்கு எழுதுவது போல. வராமலே போகலாம் என்று தெரிந்து, மனசார எழுதுகிற தொகை. அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆயிரம் ஊழியர்கள் உள்ள கம்பெனிக்கு என் பேரன் எதற்குத் திருப்பணி செய்ய வேண்டும்?

முடிவாக அவன் முன்பதிவு செய்யவில்லை. விளையாட்டு வெளியாகி ஒரு வாரம் கழித்து, ஆடிய நண்பர்கள் நன்றாயிருக்கிறது என்றால் வாங்குவது என்று ஏற்பாடு. அந்த 4,999 ரூபாய் கடைக் கணக்கில் அப்படியே இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் நாங்கள் இருவருமாக ஹம்பிக்குப் போய்வருவதாகத் திட்டம். ஹோஸ்பேட்டைக்கு ரயில் டிக்கெட் முன்பதிவு செய்தாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் இன்னும் காத்திருப்போர் பட்டியல்தான், 14-உம் 15-உம்.