மென்காற்றில் பெரிய பாராவிங்

பாராவிங் என்பது விங் ஃபாயிலிங் என்னும் நீர் விளையாட்டில் பயன்படும், காற்றடைக்கப்படாத மெல்லிய துணி இறக்கை ஆகும். சிறிய பாராகிளைடர் போன்ற தோற்றமுடைய இது, குட்டையான பல கயிறுகளால் ஒரு கைப்பிடிக் கோலுடன் இணைக்கப்பட்டிருக்கும். சறுக்குபவர் ஒரு பலகையின் மேல் நிற்பார். பலகையின் அடியில் ஒரு தண்டும், அதன் முனையில் ஹைட்ரோஃபாயில் எனப்படும் நீரடி இறக்கையும் உள்ளன. போதிய வேகம் கிடைத்ததும் நீரடி இறக்கை பலகையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடும். காற்று குறைவான நாள்களில் இவ்வேகத்தைப் பெறுவதற்காகப் பலர் பெரிய பாராவிங்கைச் சோதித்துப் பார்க்கின்றனர்.

பெயரும் தோற்றமும்

பாராவிங் என்ற சொல் பழையது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரோகல்லோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் உருவாக்கிய வளையும் இறக்கைக்கு 1951இல் காப்புரிமை கிடைத்தது. 1960களில் விண்கலங்களைத் தரையிறக்கும் நோக்கில் நாசா அதனைப் பாராவிங் என்ற பெயரில் ஆராய்ந்தது. இன்று நீர் விளையாட்டில் பயன்படும் வடிவம் ஹவாயின் மாவி தீவைச் சேர்ந்தது. அங்கு பி.ஆர்.எம். நிறுவனத்தின் கிரெக் டிரெக்ஸ்லர் உருவாக்கிய மாலிகோ என்னும் பாராவிங் 2024இல் விற்பனைக்கு வந்தது. மாலிகோ என்பது மாவியின் வடகரையில் உள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயரும் ஆகும். அங்கிருந்து காற்றின் போக்கிலேயே அலைகளின் மேல் கஹுலுய் வரை செல்லும் பயணம் புகழ்பெற்றது. பலகை மேலெழுந்து அலையின் விசை கிடைத்ததும் இறக்கையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதே பாராவிங்கின் சிறப்பு.

காற்றின் கணக்கு

காற்று தரும் விசை, காற்று வேகத்தின் இருமடிக்கும் இறக்கையின் பரப்பளவுக்கும் நேர்விகிதத்தில் அமையும். ஆகவே காற்று சற்றுக் குறைந்தாலும் விசை பெரிதும் குறைந்துவிடும். மணிக்கு 30 கி.மீ. காற்றில் 4 சதுர மீட்டர் இறக்கை ஒருவருக்குப் போதுமானது எனக் கொள்வோம். காற்று 20 கி.மீ. ஆகக் குறைந்தால், அதே இறக்கை தரும் விசை ஒன்பதில் நான்கு பங்காகிவிடும். அதை ஈடுசெய்ய 9 சதுர மீட்டர் தேவை. அவ்வளவு பெரிய துணியைக் கையில் பிடித்து ஆள்வது கடினம். 6 சதுர மீட்டர் இறக்கையைப் பயன்படுத்தினால், தேவைப்படும் விசையில் மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். மீதியை வேறு வழிகளில்தான் பெற வேண்டும்.

எழும்பும் கட்டம்

அதிக விசை தேவைப்படுவது பலகை நீரை விட்டு எழும் வரைதான். எழுந்த பின் நீரின் தடை வெகுவாகக் குறைகிறது. மேலும் பலகையின் வேகத்தால் சறுக்குபவர் உணரும் காற்றும் கூடுகிறது. மணிக்கு 20 கி.மீ. காற்றுக்குக் குறுக்காக அதே வேகத்தில் செல்பவருக்கு அது சுமார் 28 கி.மீ. காற்றாகப் படும். விசையும் ஏறக்குறைய இருமடங்காகும்.

எனவே எழும்புவதை எளிதாக்கும் எதுவும் பெரிய இறக்கைக்குத் துணையாகும். நீண்டு குறுகிய பலகை குறைந்த விசையிலேயே வேகம் பிடிக்கும். நீரடி இறக்கையின் பரப்பை ஒன்றரை மடங்காக்கினால், அதே எடையைத் தூக்கத் தேவையான வேகம் ஏறத்தாழ 18 விழுக்காடு குறையும். காலால் பலகையைத் தாளத்துடன் அழுத்தி விடுவதும் உதவும்.

பெரிய இறக்கையின் குறைகள்

பெரிய பாராவிங்கில் துணியும் கயிறும் கூடுதல். மிக மெல்லிய காற்றில் அது தன் எடையைத் தானே தாங்க முடியாமல் தொய்ந்து விழலாம். நனைந்துவிட்டால் எடை கூடி, மீண்டும் எழுப்புவது கடினமாகும். நீண்ட கயிறுகள் எளிதில் சிக்கிக்கொள்ளும். சுருட்டினாலும் கை நிறையத் துணி இருக்கும். ஆகையால் பாராவிங்கின் முக்கியப் பயனே ஓரளவு குறைகிறது. காற்றின் போக்கிலேயே நேராகச் செல்லும்போது பலகையின் வேகம் காற்றின் வேகத்தை எட்டினால், இறக்கைக்குக் காற்றே கிடைக்காது. இறக்கை எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது. அதனால் மென்காற்றில் காற்றுக்குச் சாய்வாகவே செல்ல வேண்டும்.

சோதிக்கும் முறை

ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே பலகையையும் நீரடி இறக்கையையும் கொண்டு சிறிய பாராவிங்கையும் பெரியதையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்ப்பது தெளிவான விடை தரும். இரண்டையும் வெவ்வேறு நாள்களில் பயன்படுத்தினால், வேறுபாடு இறக்கையால் வந்ததா காற்றால் வந்ததா என்று கூற இயலாது. முதலில் கரையில் நின்று, காற்று தணியும் நொடிகளில் இறக்கை வானில் நிற்கிறதா எனக் காண வேண்டும். பின்னர் எத்தனை முயற்சியில் எழ முடிகிறது, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடிகிறதா, நீரில் விழுந்த இறக்கையை மீண்டும் எழுப்ப முடிகிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு

மென்காற்றில் உள்ள பெரிய ஆபத்து, காற்று முற்றிலும் நின்றுவிடுவதே. காற்றடைத்த விங் நீரில் மிதந்து ஓரளவு பிடிமானம் தரும். பாராவிங் அவ்வாறு தராது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். மிதவைச் சட்டையும் பலகையுடன் பிணைக்கும் கயிறும் அவசியம். காற்று நின்றால் இறக்கையைச் சுருட்டி, பலகையில் படுத்துக் கைகளால் துழாவிக் கரை சேர வேண்டியிருக்கும். ஆளின் எடையைத் தாங்காமல் மூழ்கும் சிறிய பலகையில் இது கடினம். ஆகவே அவ்வாறு கைகளால் துழாவித் திரும்பக்கூடிய தொலைவுக்குள் சோதனை செய்வதே முறை.