களைக்கொல்லி வேர் முடிச்சுக்குள் போனால் என்ன ஆகும்?

சோயாச் செடியைப் பிடுங்கினால் வேரில் மணிமணியாக முடிச்சுகள் தெரியும். உள்ளே வாழும் ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள்தான் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன. களையைக் கொல்லத் தெளிக்கும் மருந்து இவற்றையும் தொடுகிறது. அதற்குக் காரணம் மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

ஒரே நொதி

1974-இல் சந்தைக்கு வந்த கிளைபோசேட், மூன்று அமினோ அமிலங்களைச் செய்யத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் அந்த நொதி கிடையாது. செடிகளுக்கு உண்டு; மண்ணிலுள்ள பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கும் உண்டு.

1996-இல் அமெரிக்க வயல்களுக்கு வந்த மரபணு மாற்ற சோயா, இம்மருந்தைத் தாங்கும். பயிரின் மேலேயே தெளிக்கலாம். ஆனால் இலையில் விழுந்த மருந்து வேருக்கும் முடிச்சுக்கும் இறங்குகிறது. செடிக்குக் கிடைத்த பாதுகாப்பு முடிச்சிலுள்ள பாக்டீரியாவுக்குக் கிடைக்கவில்லை.

ஆய்வில் கண்டது

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், இளம்பயிரில் தெளித்தபோது நைட்ரஜன் சேர்க்கை தாமதமானது. முளைத்து 40 நாளில் செடிகள் தேறிவிட்டன. ஆனால் ஈரம் குறைந்தபோது பாதிப்பு கூடியது. வறட்சியோடு சேரும்போது ஆபத்து அதிகம்.

எல்லா பாக்டீரியாக்களும் நலிவதில்லை. சிலவற்றின் நொதி மருந்துக்கு மசியாது; சில, மருந்தை உடைத்து அதிலுள்ள பாஸ்பரஸை உண்கின்றன. எனவே மொத்த எண்ணிக்கை குறையாமலேயே, பயிருக்கு உதவும் இனம் மட்டும் மெலியலாம். மிசௌரி ஆய்வுகளில், மருந்து தெளித்த சோயா வேர்களில் நோயைத் தடுக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா குறைந்து, ஃபியூசேரியம் பூஞ்சை பெருகியது. மண்ணுக்கும் மருந்தளவுக்கும் ஏற்ப இம்முடிவுகள் மாறும்.

நம் நிலக்கடலை, உளுந்து வயல்களில் தெளிக்கும் இமாசெதாபிர் என்ற களைக்கொல்லி முடக்குவது வேறொரு நொதியை. அதுவும் பாக்டீரியாவில் இருக்கிறது. ரைசோபியம் கலந்து விதைத்தவர்கள், தெளித்த சில வாரங்களில் சில செடிகளைத் தோண்டி, முடிச்சை நறுக்கிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் வேலை நடக்கிறது. பச்சையாகவோ வெளிறியோ இருந்தால் நடக்கவில்லை. பயிர் வாடும் நாளில் தெளிக்காமல் ஈரம் பார்த்துத் தெளிப்பது நல்லது.

சோதனை போதுமா?

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளுக்கான சர்வதேச மண் சோதனை, மண்ணில் நைட்ரேட் உருவாகும் வேகத்தை அளக்கிறது. 28 நாளில் வித்தியாசம் 25 சதவீதத்துக்குள் இருந்தால், நீண்டகாலப் பாதிப்பு இல்லை என்று கொள்ளப்படுகிறது. பயிரே இல்லாத மண்ணில் நடக்கும் இச்சோதனையில் வேர் முடிச்சுக்கு இடமில்லை. பயறுவகைப் பயிருக்கு ஒரு மருந்தை அனுமதிக்கும் முன், அப்பயிரின் முடிச்சையும் சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.