வாங்குவோன் மனமறிந்த வியாபாரம்

வியாபாரப் போட்டி என்றால் விலையைக் குறைப்பதே என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. பொருளின் தரத்திலும், அது வாங்குவோனுக்கு இசைந்திருப்பதிலுமே மெய்யான போட்டி நிகழ்கின்றது. இதற்கு நமது பிரதேசத்தின் சரித்திரமே சாக்ஷி.

காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த 19-ம் நூற்றாண்டில், புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த ‘கினே’ என்னும் நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகால் நதிக்கரைக்குக் கப்பலேறிற்று. அங்கே மூர் ஜாதியார் பிசினைக் கொடுத்து அதனைப் பெற்றனர். பிரான்ஸின் ரூவான் நகரத்தாரும், இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆலைக்காரரும் அதைப் போன்ற துணி செய்து போட்டியிட்டனர். மூர்களோ துணியைத் தடவினர்; முகர்ந்தனர்; புதுச்சேரித் துணியையே நாடினர். அவர்தம் கைக்கும் மூக்கிற்கும் ஏற்றதை அறிந்து செய்ததே நம் தொழிலாளரின் பலம்.

இன்று கைப்பேசி வழியே விற்கும் கம்பெனிகள் ஒவ்வொருவனுடைய ருசியையும், அளவையும், பழைய கொள்முதலையும் கணக்கில் வைத்து, அவனவனுக்கு ஏற்ற சரக்கை முன்னே காட்டுகின்றன. இதில் நன்மை இல்லாமலில்லை. சிலருக்கே பிடிக்கும் சேலையை நெய்பவனும் அச்சிலரை அடையலாம். கம்பெனிகளும் பொருத்தத்தில் போட்டியிட நேரும்.

ஆனால் ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். மூரின் கையும் மூக்கும் அவனுடைய சொத்து. எந்த வியாபாரி வந்தாலும் அவற்றால் அவன் சோதிப்பான். நமது ருசியின் கணக்கோ இன்று கம்பெனியின் பெட்டகத்தில் இருக்கின்றது. பத்து வருஷமாக நம்மை அறிந்த கம்பெனிக்கு எதிரே, உயர்ந்த சரக்கோடு வரும் புதியவன் வாயிலில் அந்நியனாய் நிற்கிறான். போட்டி ஓய்ந்தால் பழைய கம்பெனி தரத்தைத் தளர்த்தினும், விலையை உயர்த்தினும் கேட்பாரில்லை.

பரிகாரம் எளிது. நம் விவரங்களை நாமே பெற்று, விரும்பிய கம்பெனிக்குக் கொடுக்கும் உரிமை வேண்டும். ஐரோப்பாவில் 2018 முதல் அமலிலுள்ள சட்டம் இதனை அளிக்கின்றது. இந்தியப் பார்லிமெண்டில் 2019-ல் கொணர்ந்த மசோதாவிலும் இது இருந்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ காணோம். இது சிறு குறையன்று.

பொது ஊழியர்களும் வக்கீல்களும் இவ்வுரிமையைக் கேட்டுக் கிளர்ச்சி செய்தல் கடமையாகும். வாங்குவோன் சுதந்திரனாக இருக்கும் சந்தையிலேதான் நல்ல சரக்கு வெல்லும்.