அணுவுக்கும் இடம் வேண்டும்

பிளஸ் டூ உயிரியல் படிக்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் புரதத்தின் நான்கு நிலைகளை ஒப்பித்துவிடுவார். முதல்நிலை என்பது அமினோ அமிலங்களின் வரிசை. இரண்டாம் நிலையில் ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் வரும். மூன்றாம், நான்காம் நிலைகளும் தடையில்லாமல் வந்துவிடும். ஆனால், இருபது வகை அமினோ அமிலங்களை எத்தனையோ விதமாகக் கோக்க முடியும்போது, சுருள், தாள் என்ற வடிவங்களே ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். பாடநூலும் அங்கே அதிகம் பேசுவதில்லை. அந்த 'ஏன்' என்ற கேள்விக்குத் தெளிவான விடை எழுதப்பட்டது சென்னையில்தான், கிண்டிக்கும் அடையாறுக்கும் இடைப்பட்ட பகுதியில்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், பெங்களூரில் சி.வி. ராமனின் மாணவர், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அவரை அழைத்துவந்தபோது வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். படிகங்களின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது சிதறும் ஒழுங்கிலிருந்து உள்ளேயிருக்கும் அணுக்களின் அமைப்பைக் கணக்கிடுவது அவருடைய துறை. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னாலுடன் பேசிக்கொண்டிருந்தபோது, கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு யாருக்கும் இன்னும் பிடிபடவில்லை என்ற செய்தி அவர் காதில் விழுந்தது. கொலாஜன் வேண்டுமென்றால் தூரம் போகத் தேவையில்லை. அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பதப்படுத்தும் தோலின் பெரும்பகுதியே கொலாஜன்தான்.

நம் உடலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக் குழாய்ச் சுவர் என்று இழுவையைத் தாங்க வேண்டிய இடங்களில் எல்லாம் அது இருக்கிறது. ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதடு ஒட்டுகிறதே, அதற்கும் காரணம் அதுதான். நெடுநேரம் கொதிக்கும்போது கொலாஜன் அவிழ்ந்து ஜெலட்டினாக மாறிவிடுகிறது.

நல்ல எக்ஸ் கதிர்ப் படம் கிடைக்க, இழைகள் ஒரே திசையில் சீராக அடுக்கப்பட்ட மாதிரி வேண்டும். பல மாதிரிகளைப் பார்த்ததில் கங்காருவின் வால் தசைநாண்தான் தெளிவான படம் தந்தது. படம் கிடைத்தாலும் அதிலிருந்து அமைப்பு தானாக வந்துவிடாது. ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்தாவும் வேறொரு தடயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். இருபதிலும் மிகச் சிறியது அதுதான். மற்றவற்றுக்குப் பக்கத்தொகுதியாகக் கார்பன் கூட்டங்கள் தொங்க, கிளைசினுக்கு ஒற்றை ஹைட்ரஜன் அணு மட்டுமே.

இந்த விகிதம் தற்செயலாக இருக்க முடியாது என்று அவர்கள் நினைத்தார்கள். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டால் நடு அச்சில் இடம் மிகக் குறைவு. அங்கே ஒரு ஹைட்ரஜனுக்கு மேல் எதுவும் நுழையாது. ஆகவே ஒவ்வொரு இழையிலும் மூன்றாவதாக வருவது கிளைசினாக இருக்க வேண்டும், அது உட்பக்கம் நோக்கி நிற்க வேண்டும். 1954-ல் 'நேச்சர்' இதழில் முதல் மாதிரி வெளிவந்தது. மறு ஆண்டே அதைத் திருத்தி, முறுக்கிய மூன்று இழைகளும் சேர்ந்து இன்னொரு முறை முறுக்கிக்கொள்ளும் முப்புரிச் சுருளை வெளியிட்டார்கள். இடஞ்சுழியாக முறுக்கிய இழைகள் ஒன்றுசேர்ந்து வலஞ்சுழியாக முறுக்குகின்றன.

ஒரே ஒரு கிளைசின் இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்தால் என்ன ஆகும்? முறுக்கு அந்த இடத்தில் கெடும். லேசாக இடறினாலே எலும்பு முறியும் பிறவி நோயான ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாவின் கடும் வகைகள் பலவற்றுக்கு மூலகாரணம் இந்த ஒற்றை மாற்றம்தான். டி.என்.ஏ-வில் ஓர் எழுத்துப் பிழை, புரதத்தில் இடம் போதாமை, குழந்தையின் காலில் எலும்பு முறிவு. மரபியல், உயிர்வேதியியல், மருத்துவம் என்று மூன்று தனித்தனிப் பாடங்களாக நாம் படிப்பது இங்கே ஒரே சங்கிலி.

வைட்டமின் சி பற்றாக்குறையால் ஸ்கர்வி வரும் என்பதும் நாம் மனப்பாடம் செய்யும் ஒரு வரி. கொலாஜனில் உள்ள புரோலின்களில் பலவற்றுக்கு ஒரு நொதி ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. அந்த நொதி தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும். அந்தச் சேர்க்கை நடக்காத முப்புரி சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழத் தொடங்கிவிடும். நம் உடலின் வெப்பமோ 37 டிகிரி. ஈறு கசிவதும், பல் ஆடுவதும், ஆறிய புண் மீண்டும் திறப்பதும் அங்கிருந்துதான் வருகின்றன.

கொலாஜன் மாதிரியை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. டி.என்.ஏ-வின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக்கும், அவருடன் அலெக்சாண்டர் ரிச்சும் 1955-ல் கேள்வி எழுப்பினார்கள். முப்புரி என்ற அடிப்படை சரி. ஆனால் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் உடன்பாடில்லை, சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்றும் சொன்னார்கள். பிணைப்பு விஷயத்தில் கிரிக் தரப்பு சொன்னதே, அதாவது மும்மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு நேரடிப் பிணைப்பு என்பதே, பிறகு நிலைத்தது.

இந்தக் குறைசொல்லை ராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட விதம்தான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அளவுக்கு மீறிய நெருக்கம் என்கிறார்களே, அளவு எது? பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்குத் திட்டமான பட்டியல் இல்லை. அதுவரை அமைப்பு தெரிந்த அமினோ அமில, சிறு பெப்டைடு படிகங்களை எல்லாம் அலசி, ஒவ்வொரு அணு இணைக்கும் வழக்கமான எல்லை ஒன்று, கடைசி எல்லை ஒன்று என்று அவர் குழு வகுத்தது. இரு கார்பன்களுக்கு இடையே 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப் போனால் 3.0. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

அடுத்த படி எளிமையானது, அதனால்தான் அழகானது. பெப்டைடு பிணைப்பு வளையாமல் தட்டையாக இருக்கும் என்பதை லைனஸ் பாலிங் குழு ஏற்கெனவே காட்டியிருந்தது. ஆகவே புரத இழை என்பது சீட்டுகளை மூலைக்கு மூலை கோத்தது மாதிரி. சீட்டு வளையாது. கோத்த மூலையில் மட்டும் இருபுறமும் திரும்பலாம். அந்த மூலைதான் ஆல்ஃபா கார்பன். அதன் ஒரு பக்கத் திருப்பம் ஃபை, மறுபக்கத் திருப்பம் சை. ஒவ்வொன்றும் –180 டிகிரியிலிருந்து +180 டிகிரி வரை போகலாம். இந்த இரண்டு கோணங்கள் போதும், இழையின் முதுகெலும்பு எப்படி மடிகிறது என்று சொல்லிவிட.

ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் ஒவ்வொரு கோண இணைக்கும் அணுக்கள் மோதுகின்றனவா என்று கணக்கிட்டு, ஃபையை ஓர் அச்சிலும் சையை மற்றோர் அச்சிலும் வைத்து வரைபடமாக்கினார்கள். 1963-ல் வெளிவந்த அதுவே ராமச்சந்திரன் வரைபடம். கிளைசின் தவிர்த்த அமினோ அமிலங்களுக்கு அதில் முக்கால்வாசி இடம் தடை செய்யப்பட்டது. எஞ்சிய சிறு தீவுகளில் ஒன்றில், ஃபை –57, சை –47 அருகே, ஆல்ஃபா சுருள் உட்கார்ந்திருந்தது. மேலே இடது மூலைப் பக்கத்தில் பீட்டா தாளும் கொலாஜனும். பக்கத்தொகுதியாக ஒற்றை ஹைட்ரஜனே உள்ள கிளைசினுக்கு மட்டும் மற்றவை போக முடியாத இடங்களும் திறந்திருந்தன.

நாம் தொடங்கிய கேள்விக்கு விடை இதுதான். சுருளும் தாளும் இயற்கை விரும்பித் தேர்ந்த அலங்காரங்கள் அல்ல. அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற முடியாது என்ற ஒரே விதியால் மற்ற பெரும்பாலான வடிவங்கள் கழிந்துபோயின. கழியாதவற்றில், ஹைட்ரஜன் பிணைப்புகள் சீராக அமையும் வடிவங்கள் நிலைத்தன. அந்த வரைபடம் வந்த காலத்தில் முழு அமைப்பு தெரிந்த புரதங்கள் மயோகுளோபின், ஹீமோகுளோபின் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவையே. இன்று புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. அங்கே வந்துசேரும் ஒவ்வொரு புதிய புரதத்தையும் சென்னையில் பிறந்த அந்த வரைபட முறையில்தான் சோதிக்கிறார்கள்.

அந்தத் தரவு வங்கி இணையத்தில் யாருக்கும் இலவசம். பிளஸ் டூ மாணவர்களே, இன்சுலினையோ கொலாஜன் துண்டு ஒன்றையோ இறக்கி, அதன் ராமச்சந்திரன் வரைபடத்தைப் பாருங்கள். வெற்றிடத்தில் தனியாக ஒரு புள்ளி நின்றால் அது எந்த அமினோ அமிலம் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் கிளைசினாக இருக்கும். இல்லையென்றால், அது அளவீட்டுப் பிழையா, அல்லது தன் வேலைக்காக அந்தப் புரதமே ஏற்றுக்கொண்ட இறுக்கமா என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.