மகளின் பங்கும் எஞ்சியிருக்கும் நிபந்தனையும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காகப் போற்றுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 921) அக்கல்வெட்டு, வாரியத்துக்கு வருவோர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவராக இருக்க வேண்டும் என்கிறது. நிலம் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும்.

நிபந்தனை நிறைவேறினால்தான் உரிமை நடைமுறைக்கு வரும் என்ற இம்முறை இன்றைய சட்டங்களிலும் உண்டு. பூர்விகச் சொத்தில் மகளுக்குள்ள பங்கு அதற்குத் தக்க சான்று.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன் பிறப்பாலேயே பங்குதாரர், மகள் அல்லர். தமிழ்நாடு 1989-இல் இதைத் திருத்தி மகளுக்கும் சம பங்கு அளித்தது. ஆனால், 25.3.1989-க்கு முன் திருமணமான பெண்களுக்கு அவ்வுரிமை இல்லை. 2005-இல் மத்தியச் சட்டத்திருத்தம் திருமண நிபந்தனையை நீக்கியது. பிறகு, அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த 9.9.2005 அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், மகளின் உரிமையும் பிறப்பால் வருவதே என்று தீர்ப்பளித்து அந்தத் தடையையும் அதே நீதிமன்றம் அகற்றியது.

இன்று எஞ்சியுள்ள முக்கிய வரம்புகள் இரண்டு. 20.12.2004-க்கு முன் முறைப்படி நிறைவேறிய பாகப்பிரிவினையும் விற்பனையும் செல்லும். தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம்.

இவற்றைவிட வலியது, சட்டத்தில் எழுதப்படாத மூன்றாவது நிபந்தனை. ‘சீர் செய்தாயிற்று’ என்று சொல்லி, சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் பெறுவது நம் ஊர்களில் வழக்கம். தாய்வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவரும் கையெழுத்திடுகிறார். திருமணச் செலவு பங்குக்கு ஈடாகாது என்பதை அவரிடம் எவரும் கூறுவதில்லை.

இதன் பொருளாதார விளைவு பெரிது. பட்டாவில் பெயர் இல்லாதவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெறுவது கடினம். பிரதமரின் விவசாயிகள் உதவித்தொகையும் கிட்டாது. நாற்று நட்டுக் களை பறித்தும் கணக்கில் அவர் விவசாயி ஆவதில்லை.

விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறிந்து செய்ய வேண்டும். சொத்து பூர்விகமானதா, முன்பே பாகப்பிரிவினை பதிவாகியுள்ளதா என்பதைத் தாய்ப் பத்திரத்திலும் வில்லங்கச் சான்றிலும் பார்க்கலாம். விடுதலைப் பத்திரம் எழுதித் தரும் பெண்ணுக்கு, அதனால் அவர் இழக்கும் பங்கு எவ்வளவு என்பதைச் சார்பதிவாளர் தனியே விளக்கிய பின்னரே பதிவு செய்ய வேண்டும் என்று அரசு விதி செய்யலாம். அந்த ஒரு நிபந்தனை பெண்களுக்குக் காப்பாக அமையும்.